ஒரு மனுவின் பின்னாலேயே போங்கள்: அரசு அலுவலகங்களைப் பார்க்கப் போகும் மாணவர்களுக்கு

அரசியல் அறிவியல், பொது நிர்வாகம், சமூகப்பணி, சட்டம், இதழியல் என்று எந்தப் பாடம் படித்தாலும், பட்டம் வாங்குவதற்குள் ஒரு முறையாவது உங்களை ஓர் அரசு அலுவலகத்துக்குக் கூட்டிப் போவார்கள். கூட்ட அரங்கில் உட்காரவைத்து அதிகாரி ஒருவர் துறையைப் பற்றிப் பேசுவார். தேநீர் வரும். குழுப் படம் எடுப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேருந்து ஏறிவிடுவீர்கள். பெரும்பாலான களப்பயணங்கள் இப்படித்தான் முடிகின்றன. அரசு வேலை செய்வதைக் கண்ணால் பார்க்காமலே திரும்பிவிடுகிறோம் என்பதுதான் எனக்குள்ள வருத்தம்.

பொது நிர்வாகம் கற்பித்தவன் நான். வட்டாட்சியர் அலுவலகம், ஆட்சியர் அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று மாணவர்களோடு படியேறி இறங்கியதில்தான் என் பணிக்காலத்தின் நல்ல நாட்கள் கழிந்தன. அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன்: ஒரே ஒரு மனு, அதைக் கொடுத்தவர் கையிலிருந்து புறப்பட்டு, முடிவாகி, மறுபடி அவர் கைக்கு வந்து சேரும் வழியை முழுக்கப் பார்த்தவருக்கு அரசு புரிந்துவிடும். அந்த வழியைப் பார்ப்பதற்கான அறிவுரைகள் இவை.

1. ஓர் அலுவலகம் போதும், ஒரு கேள்வி போதும்

காலையில் நீதிமன்றம், பகலில் சிறைச்சாலை, மாலையில் மாநகராட்சி என்று ஒரே நாளில் அடுக்காதீர்கள். வாசல்களைத்தான் பார்த்திருப்பீர்கள். ஓர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு கேள்வியோடு போங்கள். உதாரணமாக, பட்டா மாறுதல் கேட்டு ஒரே வாரத்தில் இரண்டு பேர் மனுக் கொடுக்கிறார்கள். ஒருவருக்குச் சீக்கிரம் கிடைக்கிறது, இன்னொருவர் நடையாக நடக்கிறார். ஏன்? முழுப் புலத்தையும் அப்படியே வாங்கியவருக்குப் பதிவேட்டில் பெயரை மாற்றினால் போதும். புலத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியவருக்கு உட்பிரிவு செய்ய வேண்டும். அதற்கு நில அளவர் நேரில் வந்து அளக்க வேண்டும், புல வரைபடம் திருத்தப்பட வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டு போகும் மாணவர், "தாமதம் ஏன்?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கமாட்டார். "இந்த வட்டத்துக்கு நில அளவர் எத்தனை பேர், எத்தனை இடம் காலி?" என்று கேட்பார். பதிலும் அதே அளவுக்குத் தெளிவாக வரும்.

2. போவதற்கு முன் படித்துவிட்டுப் போங்கள்

இணையத்திலும் அச்சிலும் ஏற்கெனவே உள்ளதை அதிகாரியிடம் கேட்டு அவர் நேரத்தை வீணாக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கை வைக்கும்போது கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வெளியிடுகிறது. அந்தத் துறையின் திட்டங்கள், ஒதுக்கீடு, பணியமைப்பு எல்லாம் அதில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(b) பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் பணிகள், அதிகாரிகளின் கடமைகள், முடிவெடுக்கும் முறை ஆகியவற்றைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. அதையும் தேடிப் படியுங்கள்.

வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், 1980 வரை அந்த வேலையைப் பார்த்தவர்கள் கர்ணமும் கிராம முன்சீப்பும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதவிகள் பெரும்பாலும் பரம்பரையாகச் சில குடும்பங்களிடமே இருந்தன. எம்.ஜி.ஆர். அரசு அவற்றை ஒழித்த பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. யார் வீட்டுப் பிள்ளையும் தேர்வு எழுதி அந்த நாற்காலியில் உட்காரலாம் என்றானது, கிராமத்தின் கணக்குப் புத்தகம் யார் கையில் என்ற கேள்விக்கு வந்த பெரிய விடை. இது தெரிந்தால் அந்தச் சிறிய அலுவலகத்துக்குள் நுழையும்போது உங்கள் பார்வையே வேறாக இருக்கும்.

3. கடிதமும் நாளும் முக்கியம்

கல்லூரி முதல்வரின் கையொப்பத்தோடு, அலுவலகத் தலைவரின் பதவிப் பெயருக்குக் கடிதம் எழுதுங்கள். நோக்கம், நாள், மாணவர் எண்ணிக்கை, உடன் வரும் ஆசிரியர், எந்தப் பிரிவைப் பார்க்க விருப்பம் என்ற ஐந்தும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

நாள் பார்ப்பது அதைவிட முக்கியம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் அன்றைக்கே போங்கள். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது அந்தக் கூட்டம் நடக்காது. மார்ச் மாதக் கடைசியில் கருவூலத்துக்குப் போகாதீர்கள். நிதியாண்டு முடிவதற்குள் பட்டியல்களைத் தீர்க்க அங்கே மூச்சுவிட நேரம் இருக்காது. வருவாய்த் துறையைப் பார்க்கச் சிறந்த காலம் ஜமாபந்தி எனப்படும் வருவாய்த் தீர்வாயம். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். அது முடியும் தறுவாயில், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு கிராமத்தின் கணக்கையும் மேலதிகாரி நேரில் உட்கார்ந்து சரிபார்ப்பார். மக்களும் அங்கேயே மனுக் கொடுப்பார்கள்.

4. வரிசையில் நிற்பவருக்கே முதலிடம்

அறுபது பேர் ஒன்றாக நுழைந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அன்றைய வேலை நின்றுவிடும். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழு தபால் பிரிவில், ஒரு குழு நில அளவைப் பிரிவில், ஒரு குழு சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் என்று இருங்கள்.

நாற்காலியில் உட்காராதீர்கள். அது முதியோர் ஓய்வூதியத்துக்காக வந்திருக்கும் பாட்டிக்கு உரியது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் காத்திருக்கும்போது, அலுவலர் உங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால், "அவரை முதலில் பாருங்கள் ஐயா, நாங்கள் நிற்கிறோம்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்காக அந்த அலுவலர் உங்களை நினைவில் வைத்திருப்பார். அவர் அந்த மனுவைக் கையாளும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

5. உரையைச் சுருக்கமாகக் கேளுங்கள், மேசைக்குப் போங்கள்

வரவேற்பு உரைக்கு மரியாதை கொடுங்கள். ஆனால் பொன்னாடை, நினைவுப் பரிசு, படம் என்று அரை நாளைக் கொடுத்துவிடாதீர்கள். "ஐயா, ஒரு மனு இங்கே வந்ததிலிருந்து என்ன ஆகிறது என்று வரிசையாகப் பார்க்கலாமா?" என்று அனுமதி கேளுங்கள்.

முதலில் தபால் பிரிவு. மனு வந்த தேதியோடு முத்திரை விழுவதைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் அரசின் பொறுப்பு தொடங்குகிறது. பிறகு அது உரிய பிரிவு எழுத்தரிடம் போகும். அவரிடம் தன்பதிவேடு என்று ஒன்று இருக்கும். சென்னை மாகாணக் காலத்தில் டாட்டன்ஹாம் என்ற அதிகாரியின் பெயரால் வழங்கத் தொடங்கிய அலுவலக முறையின் முதுகெலும்பு அது. ஒவ்வொரு மனுவுக்கும் ஓர் எண், யாரிடமிருந்து வந்தது, எதைப் பற்றி, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, நினைவூட்டு எப்போது போனது, எப்போது முடிந்தது என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். அதில் ஒரு வரியை இடமிருந்து வலமாக விரல் வைத்துப் படியுங்கள். அறிக்கை கேட்டு வருவாய் ஆய்வாளருக்குப் போனது, அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்குப் போனது, திரும்பி வந்தது, குறிப்பு எழுதித் துணை வட்டாட்சியர் வழியாக வட்டாட்சியரிடம் போனது என்று ஒரு குடும்பத்தின் காத்திருப்பு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கும். எந்தக் கட்டத்தில் தேதிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விழுகிறது என்று பாருங்கள். தாமதத்தின் இருப்பிடம் அதுதான்.

கோப்பு முடிந்த பிறகும் அதற்கு ஆயுள் உண்டு. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று அதன் தன்மைக்கு ஏற்ப வைத்திருப்பார்கள். பழைய அரசு ஆவணங்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்க்க விரும்பினால் சென்னை எழும்பூரில் 1909-இலிருந்து இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். இப்போது பல அலுவலகங்களில் கோப்புகள் கணினிக்கு மாறிவிட்டன. கருவி மாறினாலும் கேள்விகள் மாறவில்லை: யாரிடம் இருக்கிறது, எத்தனை நாளாக, அடுத்து யார்?

6. மனு பிறக்கும் இடத்தைப் பாருங்கள்

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் நேராகக் கூட்ட அரங்குக்குப் போகாதீர்கள். வாசலில், மரத்தடியில், பேனாவும் வெள்ளைத்தாளும் அட்டையுமாக மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். வந்தவர் தன் கஷ்டத்தை ஊர்ப்பேச்சில் கொட்டுகிறார். அண்ணன் தம்பி சண்டை, ஓடைப் புறம்போக்கு, மாமனார் இறந்தது, மாடு செத்தது எல்லாம் அதில் வருகிறது. எழுதுபவர் அதிலிருந்து அரசுக்குத் தேவையானதை மட்டும் எடுத்து "பெறுநர்", "பொருள்" என்று தாளில் இறக்குகிறார். ஒரு வாழ்க்கை மனுவாக மாறும்போது எது உள்ளே போனது, எது வெளியே நின்றது என்று பாருங்கள். பின்னால் அந்த மனு தவறான துறைக்குப் போய்த் திரும்புமானால் அதற்கான விதை பெரும்பாலும் இங்கேயே விழுந்திருக்கும்.

பிறகு உள்ளே போங்கள். மனு பதிவாகி ஒப்புகைச் சீட்டு கொடுக்கப்படுவதையும், உரிய துறைக்கு ஒதுக்கப்படுவதையும் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளிடம் அதிகாரி எழுந்து வந்து மனு வாங்குகிறாரா, அவர்கள் மேலே ஏற வேண்டியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

7. அரசு அளப்பதைப் பாருங்கள்

அரசின் வேலையில் பெரும்பகுதி அளப்பதும் பதிவதும்தான். நிலம், மழை, நெல், காய்ச்சல், பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் யாரோ ஒருவர் அளந்து எழுதுகிறார். அந்த ஆளையும் கருவியையும் பார்க்காமல் வராதீர்கள்.

பல வட்டாட்சியர் அலுவலக வளாகங்களில் மழைமானி இருக்கும். மழைக்காலத்தில் போனால் காலை 8.30 மணிக்கு முன்னதாகவே போய் நில்லுங்கள். அந்த நேரத்தில்தான் முந்தைய 24 மணி நேர மழை அளக்கப்படும். புனலைக் கழற்றி, சேர்ந்த நீரைக் கண்ணாடி அளவுக்குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்து மில்லிமீட்டரில் எழுதுவார்கள். அது மாவட்டத்துக்குப் போய், மாநிலத்துக்குப் போய், மறுநாள் செய்தித்தாளில் உங்கள் ஊர்ப் பெயரோடு வரும். ஒரு பகுதி வறட்சியால் பாதிக்கப்பட்டதா என்று முடிவு செய்யும்போது முதலில் எடுக்கும் சான்றுகளில் மழைக் கணக்கும் ஒன்று. நூற்றுக்கணக்கான விவசாயிகளின் நிவாரணம் ஒருவர் காலையில் ஒழுங்காக அளந்து எழுதியதைப் பொறுத்திருக்கிறது.

ஜமாபந்தியில் கிராம நில அளவைச் சங்கிலியையும் மேலதிகாரி சரிபார்ப்பார். 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. சங்கிலி நீண்டிருந்தால் அளவு தவறும், அளவு தவறினால் வரப்புச் சண்டை வரும் என்பதால்தான் கணக்கோடு கருவியும் பார்க்கப்படுகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் அதைப் பார்த்துப் பக்கத்தில் தொங்கும் தாளில் எழுதுகிறார்கள். மருந்துப் புட்டியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்தைப் போடலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் இன்னும் கருத்துவிட்டாலோ அதைத் தொடக்கூடாது. மருந்து கிடங்கிலிருந்து இந்தப் பெட்டி வரை வந்த வழியில் எங்காவது அளவுக்கு மீறி வெப்பம் பட்டதா என்று அந்தச் சதுரம் சொல்லிவிடும்.

8. வேலையைப் பற்றிக் கேளுங்கள், ஆளைப் பற்றி அல்ல

"நீங்கள் லஞ்சம் வாங்குவீர்களா?" என்று கேட்பது துணிச்சல் ஆகாது. "இல்லை" என்பார், பேச்சு அதோடு முடியும். லஞ்சம் எங்கே நுழையும் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினால் இப்படிக் கேளுங்கள்: இந்த மனுவில் விதிப்படி நடப்பது எது, உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டது எது? மறுத்தால் காரணத்தை எழுத வேண்டுமா? மனுதாரர் தன் மனு எங்கே இருக்கிறது என்று தானாகவே பார்க்க வழி உண்டா? மறுப்புக்கு மேல்முறையீடு யாரிடம்? இவற்றுக்கு வரும் பதில்களை வரிசைப்படுத்தினால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

கடைநிலை ஊழியரிடமும் பேசுங்கள். கிராம உதவியாளர், அலுவலக உதவியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோருக்குத் தெரிந்தது மேலதிகாரிக்குத் தெரியாமல் இருக்கும். "அண்ணே", "அக்கா" என்று அன்பாகக் கூப்பிடுங்கள், ஆனால் "நீ", "வா", "போ" என்று இறங்காதீர்கள்.

9. இளக்காரமும் வேண்டாம், மிரட்சியும் வேண்டாம்

அரசு அலுவலகம் என்றாலே வேலை நடக்காத இடம் என்ற முடிவோடு போகிறவர், பூட்டிய அறையை மட்டும் பார்த்துவிட்டு வருவார். அரசு வண்டியைப் பார்த்து மயங்குகிறவர், அதிகாரியின் நாற்காலியை மட்டும் பார்த்துவிட்டு வருவார். ஒரு கிராம நிர்வாக அலுவலர் பக்கத்துக் கிராமத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல், மழை வந்தால் நிவாரண முகாம் என்று அவர் மேல் ஏறும் வேலைகளின் பட்டியலைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே நேரம், அவருக்கு வேலை அதிகம் என்பது மனுதாரரை அலட்சியமாக நடத்துவதற்குக் காரணம் ஆகிவிடாது. இரண்டு உண்மையையும் சேர்த்து எழுதுங்கள்.

10. பிறர் துன்பத்தைப் படம் எடுக்காதீர்கள்

மனுவில் பெயர், கைப்பேசி எண், ஆதார் எண், நோய் எல்லாம் இருக்கும். அதைப் படம் எடுக்கவோ பகிரவோ உங்களுக்கு உரிமை இல்லை. குழந்தைகள் இல்லம், கூர்நோக்கு இல்லம் போன்றவற்றுக்குப் போனால் கைப்பேசியைப் பேருந்திலேயே வைத்துவிட்டுப் போங்கள். வழக்கில் தொடர்புடைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது, இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆவது பிரிவின்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாதது அது. அழுதுகொண்டிருக்கும் ஒருவரை உங்கள் அறிக்கையின் அட்டைப்படம் ஆக்காதீர்கள்.

11. அன்று இரவே எழுதுங்கள்

குறிப்பேட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: கண்டது, கேட்டது, படித்தது, எனக்குத் தோன்றியது. "30 நாளில் முடித்துவிடுகிறோம்" என்று அலுவலர் சொன்னது இரண்டாம் பத்தியில் வரும். பதிவேட்டில் நீங்கள் பார்த்த தேதிகள் முதல் பத்தியில் வரும். இரண்டும் பொருந்துகிறதா என்று நான்காம் பத்தியில் எழுதுங்கள். இந்தப் பத்திகளைக் கலந்து எழுதும் பழக்கம் வந்துவிட்டால், நாளைக்கு நீங்கள் செய்தியாளரானாலும் அதிகாரியானாலும் அந்தக் கலப்படம் உங்களை விடாது.

12. அறிக்கையை அந்த அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்

மதிப்பெண் வாங்கியதோடு அறிக்கையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். நன்றிக் கடிதத்தோடு இரண்டு பக்கச் சுருக்கத்தை அந்த அலுவலகத் தலைவருக்கு அனுப்புங்கள். பெயர்ப்பலகை எட்டாத உயரத்தில் இருக்கிறது, படிவம் புரியவில்லை, குடிநீர் இல்லை என்பன போன்ற எளிதில் சரிசெய்யக்கூடிய இரண்டு மூன்று விஷயங்களை மரியாதையாக எழுதுங்கள். வெளியாள் கண்ணுக்குத் தெரிவது உள்ளே இருப்பவர்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

விடை கிடைக்காத கேள்வி மிஞ்சினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். நகல் கேட்பது மட்டுமல்ல, பணிகளையும் ஆவணங்களையும் நேரில் ஆய்வு செய்யவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 1997-இலேயே, தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு.

13. கடைசியாக, உங்கள் கிராம சபைக்குப் போங்கள்

இதற்கு அனுமதிக் கடிதம் வேண்டாம், பேருந்து வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. உங்களுக்கு 18 வயதாகி, கிராம ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். நீங்கள் வந்தால்தான் குறைவெண்ணும் நிறையும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும்.

வரவு செலவு அறிக்கையை வாசிக்கும்போது கவனமாகக் கேளுங்கள். புரியாத செலவைக் கேளுங்கள். தீர்மானம் எழுதி முடிந்த பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள். ஒரு மனுவின் வழி உங்களுக்கு இப்போது தெரியும். உங்கள் தெருவில் அந்த வழி தெரியாமல் தவிக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருடைய மனுவைத் திருத்தமாக எழுதிக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கிக் கொடுங்கள், முடிவு வரும்வரை கூட நில்லுங்கள். படித்த படிப்புக்கு ஊர் உங்களிடம் எதிர்பார்ப்பது இதைத்தான்.